நெல்லுக்குள் இருந்த யானை

ஐம்பதைத் தாண்டி, ஒரு கையில் பேரப்பிள்ளையும் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் நானும் ஒரே காலத்தில் பின்பக்கம் கிழிந்த டிரவுசரோடு அலைந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். நாலு பேர் கூடியிருந்தால் சுவரோரமாக நிற்கிற ஆள். கல்யாண வீட்டில் இலையில் உப்பு வைக்க மறந்தால்கூட கேட்க மாட்டேன், உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு நாள், இருபது பேருக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினேன். ஏன் கத்தினேன் என்று ஒரு டீச்சர் கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது அதைவிடப் பெரிது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

என் பேத்திக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால், வாரத்தில் மூன்று நாள் நான்தான் அவளைப் பூதலூரில் ரயிலேற்றித் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. தாத்தாமார்களும் அம்மாமார்களும் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு டீச்சரே வெளியே வந்தார். சின்னப் பெண். என் மகளைவிட இளையவராக இருப்பார்.

"தாத்தா, இந்த வாரம் எங்களுக்கு ஜூ வாரம். வீட்டுக்காரங்களும் கூட வந்து விளையாடணும். வாங்க, உள்ள வாங்க."

"இல்லம்மா, நான் இங்கயே இருக்கேன்."

"ஜூவுக்கு டிக்கெட்லாம் கெடையாது தாத்தா. சும்மா வாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். எழுந்து போனேன்.

அறை முழுக்க பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் சவ்வரிசியைக் கொழகொழவென்று வேகவைத்து நீலச் சாயம் கலந்து ஊற்றி, அதற்குள் நீர்யானை பொம்மையை முக்கி வைத்திருந்தார்கள். தரையில் ஒரு முரட்டுக் கம்பளித் துண்டு, அதுதான் சிங்கத்தின் முதுகாம். பிள்ளைகள் அதில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டில் ஈரக் களிமண், அதில் யானைப் பாதம் அச்சுக் குத்த ஒரு கட்டை. காதை மூடும் பெரிய மூடி மாட்டிய பையன் ஒருவன் களிமண்ணை விட்டு நகரவேயில்லை. ஈர மண்ணும் வெந்த சவ்வரிசியும் சேர்ந்த வாசனை. நான் சுவரோரமாக நின்றேன்.

நடுவில் இருந்த பெரிய தொட்டியில் நெல். நம் பக்கத்து நெல்தான், சுணை போகாத புது நெல். டீச்சர் என் பேத்தியை அதன் முன்னால் உட்காரவைத்து, காதோரம் குனிந்து, "யானை உள்ள ஒளிஞ்சிருக்கு. கைய விட்டுத் தேடு" என்றார்.

பேத்தி முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் நெல்லுக்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அவளிடம் அதுவரை நான் பார்த்ததில்லை. வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"கைய எடு! எடுடி கைய!"

கத்தியது நான்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. காதுமூடி போட்ட பையன் தரையில் சுருண்டு அழ ஆரம்பித்தான். பேத்தி கையை எடுக்கவில்லை. டீச்சர் என்னைத் திட்டவும் இல்லை. அந்தப் பையனின் முதுகை அழுத்திப் பிடித்துச் சமாதானப்படுத்திவிட்டு, என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"நெல்லு குத்திடும்னு பயந்தீங்களா தாத்தா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, தெரியாது.

"குத்தாது. இந்தப் பிள்ளைங்களுக்கு மொதல்ல கைதான் பேசும். அப்பறம்தான் வாயி. வாயி வராமயே போனாலும் கையில சொல்லுவாங்க. பாருங்க, ஒட்டகம் கேட்டா ஒட்டகத்த எடுப்பா."

டீச்சர் சொன்ன அந்த விளையாட்டு எனக்குத் தெரியும். பத்து வயதில் நான் அதை விளையாடியிருக்கிறேன். என் தம்பியோடு.

தம்பி என்னைவிட நாலு வயது இளையவன். அவனுக்கும் பேச்சு இல்லை. ஊரில் அவனுக்கு இருந்த பட்டப்பெயர்களை இங்கே எழுத வேண்டாம். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவன் இருந்திருப்பான், நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். சத்தம் என்றால் ஆகாது. மேளம் கேட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். ஆனால் எதையாவது கையால் அளைந்துகொண்டிருந்தால் அமைதியாக இருப்பான். வாய்க்கால் சேறு, அடுப்புச் சாம்பல், மாட்டுக் கழுத்தில் தொங்கும் சதை, எதுவாக இருந்தாலும் சரி. "கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா" என்று எல்லோரும் அந்தக் கையிலேயே அடிப்பார்கள். என் அப்பா அம்மாவும் அடிப்பார்கள்.

அது சம்பா அறுவடைக் காலம். அப்பாவுக்கு அந்த வருடம் களத்துக் காவல். அடித்துத் தூற்றிய நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். மிராசுதார் வந்து அளக்கும் வரை மூன்று நாளோ நாலு நாளோ அது அங்கேயே கிடக்கும். யாரும் கை வைக்காமல் இருக்க, மிராசுதாரின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குவியலைச் சுற்றிக் கோடாக ஊற்றிவிட்டுப் போவார். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். காய்ந்தால் நெல்மேல் வெளுத்த பச்சையில் அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும். ஒரு கைப்பிடி நெல் எடுத்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு உடைந்தால் காவல்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா அறுப்புக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி என் பொறுப்பு. அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எனக்கு ஐந்து மிருகங்கள் கொடுத்திருந்தார். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது பல் விளக்கும் பசையின் அட்டைப் பெட்டிக்குள் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வரும். நாங்கள் கரியில் பல் விளக்குகிறவர்கள், எங்களுக்கு ஏது பசை? டீச்சரம்மா வீட்டுப் பெட்டியில் வந்தவை அவை. யானை, சிங்கம், ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, முதலை. யானையைத் தவிர வேறு எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. டீச்சரம்மா படம் காட்டிப் பெயர் சொல்லித் தந்தார். நான் தம்பிக்குச் சொன்னேன்.

ஒரு நாள் களத்தில் அவன் அலறிக்கொண்டிருந்தபோது, வேறு வழி தெரியாமல் அவன் கையைப் பிடித்துக் குவியலுக்குள் அழுத்தினேன். அலறல் அப்படியே நின்றது. முழங்கை வரை உள்ளே விட்டுக் கண்ணை மூடினான். புது நெல் உள்ளே கதகதப்பாக இருக்கும், தெரியுமல்லவா? மேலே வெயிலில் சுடும், ஒரு சாண் உள்ளே போனால் வேறு சூடு. அவன் சிரித்தான்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். அப்பா அசந்த நேரத்தில், சாணிப்பால் ஊற்றாத புதுக் குவியலாகப் பார்த்து, ஐந்து மிருகங்களையும் உள்ளே புதைப்பேன். "ஒட்டகம்" என்பேன். அவன் துழாவி ஒட்டகத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பான். "முதல" என்றால் முதலை. சிங்கத்துக்குப் பதிலாக யானையை அவன் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் தேடுவான். மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை என்று ஊரே சொன்னவன், நான் சொன்ன ஐந்து சொல்லையும் தவறில்லாமல் கையில் எடுத்துக் கொடுத்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குவியலில் கை வைத்ததும் வெளியே வந்துவிடும் என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளையாடிக்கொண்டிருந்தபோது காரியக்காரர் ஆட்களோடு வந்துவிட்டார். எங்களைத் துரத்திவிட்டுச் சாணிப்பால் ஊற்றினார்கள். நாலு மிருகங்கள் வெளியே வந்திருந்தன. யானை உள்ளே மாட்டிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து தம்பி என் கையைப் பிடித்துக் களத்துக்கு இழுத்தான். அப்பா கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிருந்தார். களத்தில் யாரும் இல்லை. தம்பி குவியலுக்கு முன்னால் நின்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். நெற்றி வீங்கிவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை. நான்தான் கோட்டை உடைத்தேன். என் இந்தக் கையால் காய்ந்த சாணியைப் பெயர்த்துவிட்டு, "போடா, யானைய எடு" என்றேன். அவன் எடுத்தான். நெல் சரசரவென்று சரிந்து, ஒரு முழத்துக்குக் கோடே இல்லாமல் போயிற்று.

பயத்தில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வைக்கோல் போரண்டை கட்டியிருந்த மாட்டின் சாணியை எடுத்து, கொட்டாங்கச்சியில் கரைத்து, உடைந்த இடத்தில் ஊற்றினேன். காய்ந்தால் ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தம்பி கழுவ வரவில்லை. அவன் முழங்கை வரைக்கும் நெல் தூசியும் காய்ந்த சாணிப் பொருக்கும் அப்படியே இருந்தன. மடியில் இருந்த ஐந்து மிருகங்களையும் வாய்க்காலில் எறிந்தேன். அவை மூழ்கவில்லை. சிங்கம் மல்லாந்து மிதந்து போனது.

காரியக்காரர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். சுற்றிலும் வெளுத்த கோடு, நடுவில் ஒரு முழம் மட்டும் ஈரப் பச்சை.

"என்னய்யா இது? காவலுக்கு வெச்சா நீயே கைய வெக்கிறியா?"

"ஐயா, கஞ்சி குடிக்கத்தான் போனங்க. வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"கோட்ட ஒடச்சிட்டு புதுசா ஊத்தற அளவுக்கு வெவரம் வந்துருச்சா? மிராசுதார் கேட்டா நான் என்னய்யா சொல்றது?"

அப்பா எங்கள் இரண்டு பேரையும் இழுத்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீயாடா?"

நான் தம்பியைக் காட்டினேன்.

அப்பா தம்பியின் கையைத் தூக்கிக் காரியக்காரரிடம் காட்டினார். "இதாங்க. இதுக்குப் புத்தி கெடையாதுங்க. ஐயாவுக்கே தெரியும்" என்று சொல்லி அவர் காலில் விழுந்தார். மேலே வெற்றுடம்பும் முதுகெல்லாம் பதருமாக என் அப்பா தரையில் கிடந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"களம் ஒழியற வரைக்கும் அது கையக் கட்டிப் போடு. நான் வர்றப்பல்லாம் கட்டியிருக்கணும். இல்லேன்னா காவலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் காரியக்காரர்.

அப்பா வைக்கோலைத் திரித்துத் தம்பியின் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினார். வைக்கோல் அறுத்துப் புண்ணானதும் அம்மா பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், கை கட்டிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். சோறு ஊட்டவும் வெளிக்குக் கூட்டிப்போகவும் கட்டை அவிழ்ப்பேன், முடிந்ததும் திரும்பக் கட்டுவேன். அப்பா கட்டியது ஒரு நாள்தான். மாசி முடிகிற வரை மற்ற நாளெல்லாம் கட்டியது நான். முதல் வாரம் கத்தினான். இரண்டாவது வாரம் நான் துணியை எடுத்தாலே அவனாகத் திரும்பி நின்றான்.

களம் ஒழிந்து கட்டை அவிழ்த்த பிறகு அவன் எதையும் தொடவில்லை. சேற்றையும் சாம்பலையும்கூட. "பையன் நல்லா அடங்கிட்டான்" என்று ஊரில் சொன்னார்கள். அம்மாகூடச் சந்தோஷப்பட்டாள். நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது ரயிலில் பேத்தி என் உள்ளங்கையைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு ஐம்பது ஆகப்போகிறது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல். இன்னும் அம்மாதான் அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். எனக்குப் பிறகு இவனுக்கு யார் ஊட்டுவார்கள் என்று தினமும் ஒரு தடவை கேட்பாள்.

வீட்டுக்கு வந்ததும், மூட்டையிலிருந்து ஒரு பேசின் நிறைய நெல்லை எடுத்துக் கூடத்தில் தம்பிக்கு முன்னால் வைத்தேன். நல்ல மத்தியானம், வெளிச்சம் உள்ளே வந்து விழுந்திருந்தது. தம்பி நெல்லைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். கட்டுவதற்குத் தோதாக.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சோற்றுத் தட்டோடு வந்தாள். "நெல்லக் கொண்டாந்து எதுக்குடா அவன் முன்னால வெக்கிற? பாவம், பயந்து போயிட்டான் பாரு." பேசினைக் காலால் தள்ளிவிட்டு அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்குக் களத்துல கோட்ட ஒடச்சது அவன் இல்ல. நான்."

நாற்பது வருடத்துக்கு மேல் தொண்டையில் இருந்தது அது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒடஞ்ச எடத்துல சாணியக் கரச்சி ஊத்தியிருந்துச்சுல்ல. அதக் கரைக்க இவனுக்கு ஏதுடா வெவரம்? உங்கப்பாவுக்குப் பாத்த ஒடனே தெரியும். காரியக்காரருக்குந்தான் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா இவனக் கட்டினீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? உன் பேரு வெளிய வந்தா களவாணிப் பயன்னு ஆயிரும். காவக்காரன் மவன் களவாணின்னா எந்தக் களத்துல எங்கள ஏத்துவாங்க? நாளைக்கு உன்ன யாரு வேலைக்குக் கூப்புடுவாங்க? இவன்னா புத்தியில்லாததுன்னு விட்டுருவாங்க. அதான் உங்கப்பா இவன் கையத் தூக்கிக் காட்டினாரு. அன்னிக்கு அந்த மனுசன் சோறு திங்கல." ஒரு கவளத்தை உருட்டினாள். "கட்டினா இவனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சோம். இவனுக்குத்தான் ஒண்ணுமே புரியாதே."

நான் பொய் சொல்லித் தப்பித்தேன் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். என் பொய்யை அன்று ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் தெரிந்தே செய்திருக்கிறார்கள். தினமும் நான் அந்தத் துணியை இறுக்கியபோது, அம்மாவும் அப்பாவும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அவனுக்குப் புரியும்மா" என்றேன்.

"என்னடா?"

"எல்லாம் புரியும். நான் நெல்லுக்குள்ள பொம்மய ஒளிச்சி வெப்பேன். ஒட்டகம்னா ஒட்டகத்த எடுத்துக் குடுப்பான். சிங்கம்னா சிங்கத்த. ஒரு நாளும் தப்பா எடுத்ததில்ல. அவனுக்கு நம்ம பேசறது அப்பவே புரிஞ்சிச்சும்மா."

கவளத்தோடு அம்மாவின் கை பாதி வழியில் நின்றது. சோற்றுப் பருக்கைகள் தட்டில் உதிர்ந்தன. அந்த விஷயம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாதது அது ஒன்றுதான், அதை மறைத்தவன் நான்.

"பொய் சொல்லாத" என்றாள்.

"சத்தியமாம்மா."

அம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் முகவாயைப் பிடித்தாள். ஊட்டுவதற்காக ஆயிரம் தடவை பிடித்த முகவாய். அவள் அவனிடம் "வாயத் தொற", "எந்திரி", "படு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவனிடம் அவள் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததேயில்லை. பதில் வராத பிள்ளையிடம் யார் கேட்பார்கள்?

"ஏய்யா" என்றாள். "அன்னிக்குக் களத்துல கோட்ட ஒடச்சது யாருய்யா?"

தம்பி யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கதவைப் பார்ப்பான், காலைப் பார்ப்பான். அம்மா கேட்டு முடித்ததும் அவன் முகவாயை அவள் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டான். கைகளைப் பின்னால் கட்டியபடியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். கண்ணுக்கு நேராக. பார்வையை எடுக்கவில்லை.

"ஆமாண்டா" என்றேன். "நான்தான்."